டோல் இடித்த அறை

புனேயில், ஏரவாடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், சாதாரண வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தினேன். தொண்ணூறுகளின் கடைசி. ஜூனில் அறையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பின்பக்கம், மைதானத்தை ஒட்டியது. அமைதியாக இருந்தது. மினுக்கும் டியூப் லைட்டைக் கழற்றினேன். தலையை மோதிக்கொள்ளும் பெண் ஒருத்தி இருந்ததால் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்தேன்.

அவளுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை. அம்மா என்னைப் போலத் தமிழ்க்காரி, வெடிமருந்துத் தொழிற்சாலையில் கூலி. முந்தைய பள்ளியில் அவளை ஜன்னல் கம்பியில் துப்பட்டாவால் கட்டி வைத்திருந்தார்கள், மணிக்கட்டில் தழும்பு. என் அறையில் ஆகஸ்டுக்குள் மோதுவதை நிறுத்தியிருந்தாள்.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்தவள். பிள்ளையார் ஊர்வலத்துக்காகப் பள்ளிக்கூடமே டோல் என்னும் பெரிய மேளங்களோடு ஒரு குழு வைத்திருக்கும், மழைக்காலத்தில் மைதானத்தில் பயிற்சி நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அத்தனை டோலும் ஒன்றாக எங்கள் ஜன்னலுக்கடியில் இடித்தன. அவள் மெத்தை இல்லாத கதவுநிலையில் நெற்றியை மோதினாள். மறுபடி மோதினாள். பிடித்தேன், என் முன்கையில் பல் இறங்கியது. யார் ரத்தம் என்றே தெரியவில்லை. அவளை ஆயாவிடம் தள்ளிவிட்டு, கத்தரிக்கோலோடு வெளியே ஓடி, முதலில் கிடைத்த டோலைக் குத்திக் கிழித்தேன்.

விளையாட்டு மாஸ்டர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "பாகல் ஹோ க்யா, மேடம்?"

"ஆமாய்யா, பைத்தியந்தான். இன்னொரு அடி அடி, உன் மண்டையக் கிழிக்கிறேன்!" தமிழிலேயே கத்தினேன்.

டோல் நிற்காது என்றார் தலைமையாசிரியை. பெண்ணைக் கட்டி வை, இல்லாவிட்டால் வெளியே அனுப்பு.

சாயங்காலம் அம்மா வந்து மகளின் நெற்றித் தையலைப் பார்த்தாள். "டீச்சர், அடிங்க, கட்டிப் போடுங்க. வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க. வீட்டுல பூட்டி வச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் போவணும்."

அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. "கட்டுறதுக்கு நான் எதுக்கு? வாய மூடிட்டு மெத்தையப் பிடிங்க."

தெருப்பக்கம் ஆசிரியர்கள் அறை. நாள் முழுக்க லாரி, ஹாரன்; அந்த ஓயாத இரைச்சல் டோலை அமுக்கிவிடும். ஆசிரியர்களின் நாற்காலிகளை வராந்தாவில் வீசிவிட்டு நாங்கள் இருவரும் என் அறை மெத்தைகளைக் கழற்றி அங்கே அடித்தோம். காலையில் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். சுத்தியலோடு வாசலில் நின்றேன். "போலீசக் கூப்பிடுங்க."

யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் டோல் தொடங்கியது. லாரி இரைச்சலுக்கு அடியில் அமுங்கித்தான் வந்தது. அவள் உடம்பு விறைத்தது. எழுந்து கதவுவரை போனாள். நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அந்த அறையை நான் திருப்பித் தரவேயில்லை.