மலர்க்கொடி வீட்டுக்கு வழி கேட்டவர்கள்

மலர்க்கொடி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் களத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மகள் பவானி பேசினாள். "அம்மாச்சி, அம்மா போயிருச்சு" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "எந்த வண்டியில, எந்த வழியா வாறோம்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

உயிர் போன பிறகும் அவள் வரும் வழியை மறைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. களத்தில் அவளோடு உட்கார்ந்து காம்பு கிள்ளியவர்களுக்கும், ராமநாதபுரம் கடைகளில் அவளிடம் வற்றல் வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவள் புருஷன் பெயரை இதில் எழுத மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் அவளும் நானும் சொல்லியாகிவிட்டது. எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. என் தாளில் அவனுக்கு இடம் கிடையாது.

அவளை உச்சிப்புளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. ஒரு நாள் மத்தியான பஸ்ஸில் மகளையும் ஒரு பையையும் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. தலையை அள்ளி முடிய அவளால் முடியவில்லை. நான்தான் அள்ளி முடிந்துவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவன் அங்கே இருக்கும் நாளெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலை அணைக்காமல் வேலை செய்ய வேண்டுமாம். படத்தை விட்டு நகர்ந்தால் எங்கே போனாய் என்று கேட்பானாம். லீவில் வரும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிப்பானாம்.

"அடி ஆறிரும் பெரியம்மா. அந்தப் போனுக்கு முன்னால நின்னு, உப்புப் போட்டமா போடலையான்னு மறந்து மறந்து முழிச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் ஆறல" என்றாள்.

நயினார்கோவிலுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் அவள் சும்மா இருக்கவில்லை. களத்து வேலைக்கு வந்தாள். பிறகு ஒரு பழைய மொபெட்டை வாங்கி, எங்கள் முண்டு மிளகாய் வற்றலை மூட்டை கட்டி ராமநாதபுரம் கடைகளுக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர்களிடம் பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "குறைச்சுக் கேக்குறீங்களே, ஒரு வத்தலைக் கடிச்சுட்டு அதே விலையைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்பாள். எப்போதாவது சிரிக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் சில படங்கள் அவள் போனுக்கு வந்தன. முகம் தெரியாதவர்கள் கூடிப் பேசும் ஏதோ ஒரு குழுவில் அவள் போட்டோ. கீழே அவள் மொபெட் எண், கண்மாய்க்கரையைக் கடக்கும் நேரம், மகள் படிக்கும் பள்ளிக்கூடம். அவளை முடித்துக்கொடுப்பவனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதன் கீழே எவனோ ஒருவன் "சரி, பாத்துக்கலாம்" என்று பதில் போட்டிருந்தான். அதையெல்லாம் படம் பிடித்து அவளுக்கே அனுப்பியவன் அவள் புருஷன்தான். கூடவே ஒரு வரி: "ஆள் கிடைச்சாச்சு."

நான் அவளோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த போலீஸ் அம்மா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அவருதான் வெளிநாட்டுல இருக்காரே. அங்க இருந்துக்கிட்டு எப்படிம்மா கொல்லுவாரு?" என்றார்.

"அதுக்குத்தான் மேடம் ஆள் தேடுறாரு" என்றாள் மலர்க்கொடி.

பிள்ளைக்காகப் பொறுத்துப் போகச் சொன்னார்கள். போனில் வந்த விவகாரம் என்று அதற்கென்று இருக்கும் வேறு ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் கேள்வி, பணம் ஏதும் போச்சா என்பது. போகவில்லை என்றதும் உள்ளூர் ஸ்டேஷனுக்குத் திருப்பிவிட்டார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். "எவனாவது விளையாட்டுக்குப் போட்டிருப்பான். அப்படி யாரும் வந்தா உடனே ஒரு போன் பண்ணும்மா" என்றார்.

அவள் கோபப்படவில்லை. "வந்தா நான் எப்படி சார் பண்ணுவேன்? நீங்கதான் எங்க அம்மாவுக்குப் பண்ணணும்" என்றாள். அந்த மனிதர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

காவல் கிடைக்காது என்று தெரிந்ததும் அவள் ஊரைக் காவலாக மாற்றப் பார்த்தாள். அதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் யாராவது வீடு கேட்டு வந்தால் கை காட்டி அனுப்புவது மரியாதை இல்லை. கூடவே நடந்து வாசலில் கொண்டுபோய் விட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவோம். அதில் கருப்பையா அண்ணனுக்கு ஈடு கிடையாது. பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பார். வெளியூர் முகம் இறங்கினால் போதும், செருப்பை மாட்டிவிடுவார்.

மலர்க்கொடி அவருக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "அய்யா, மலர்க்கொடி வீடு எது?" என்றாள்.

"தெரியாதுப்பா" என்றார் கருப்பையா அண்ணன்.

"சபாஷ் மாமா!"

"ஆனா அந்தப் பச்சை கேட்டு போட்ட வீடு மட்டும் இல்ல. அங்கன போயிராத."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, என்னைய நீங்களே கொன்னுருவீங்க போல. தெரியாதுங்கிறதோட வாயை மூடுங்க."

"ஏத்தா, ஊரு தேடி வந்தவன தெரியாதுன்னு நட்டுக்க நிப்பாட்டச் சொல்றியே. அவன் நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பான்?"

"கெட்ட ஊருன்னு நினைக்கட்டும். நான் உசுரோட இருக்கேன்."

மெல்ல மெல்ல ஊர் கெட்ட ஊரானது. பார்சல் கொண்டுவந்த பையனை, அப்படி ஒரு ஆளே இங்கே பிறக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது பவானிக்கு வந்த பள்ளிக்கூடப் புத்தகம். ஆனால் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். போனில் அவள் போட்டோவைக் காட்டி, இவங்க வீடு எது என்று கேட்டார்கள். அவள் அப்போது களத்தில் என் பக்கத்தில் இருந்தாள். கருப்பையா அண்ணனுக்கு "தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. "வாங்க, நான் வந்து காட்டுறேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். பேசிக்கொண்டே அவர்களை அடுத்த ஊர்வரை கூட்டிப்போய், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "வேலைக்குப் போயிருப்பாக, உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு, வெயிலில் நடந்தே திரும்பினார். வந்ததும் தண்ணீர் கேட்டு இரண்டு சொம்பு குடித்தார். அவர்கள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வண்டி எண்ணை ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். "வந்தாங்க, போயிட்டாங்க. ஒண்ணும் நடக்கலையே பெருசு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. ஒரே பாதையில் போகவில்லை. மொபெட்டை விற்றாள். அவள் அம்மா காலமான வருஷம், ஆடி அமாவாசைக்கு நாங்கள் இருவரும் ராமேசுவரம் போனோம். வழியில் பஸ் மாறி மாறி, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே வந்தாள். பாம்பனில் இறங்கியதும் துணியை அவிழ்த்துவிட்டுக் காற்றில் நின்றாள். கருவாடு விற்ற அம்மா எந்த ஊரு என்று கேட்டாள். மலர்க்கொடி வாய்க்கு வந்த ஒரு ஊரையும் ஒரு பெயரையும் சொன்னாள். புருஷனுக்குப் படகு இருப்பதாகக்கூட அளந்தாள். "படகு வச்சிருக்கவ எங்கிட்ட ஏன்டி கருவாடு வாங்குற?" என்று அந்த அம்மா மடக்கியதும், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இங்கன என்னைய யாருக்கும் தெரியாது பெரியம்மா. எம்புட்டு நல்லா இருக்கு" என்றாள். அவள் முகம் அப்படி விரிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மார்பில் கட்டி என்று தெரிந்தது அதற்குப் பிறகு. ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது, குணமாக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் அந்த வைத்தியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு, திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு அதுதான் முடியாத காரியம். நாள் குறித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாள். ஒரு தடவை பஸ் நிலையத்தில் யாரோ முறைத்துப் பார்த்தான் என்று பாதியில் திரும்பினாள். இன்னொரு தடவை கிளம்பவே இல்லை. நான் திட்டினேன், கெஞ்சினேன். "நான் வழியில விழுந்தா பவானிய யாரு பாப்பா?" என்று கேட்டாள். ஸ்டேஷனுக்குப் போய், ஆஸ்பத்திரி போகும் நாளுக்கு மட்டுமாவது துணைக்கு ஒரு போலீஸ் கேட்டோம். மந்திரி பந்தோபஸ்துக்கே ஆள் பத்தவில்லை என்றார்கள். கடைசியில் பவானியே படிப்பை விட்டுவிட்டு மதுரையில் அறை எடுத்து அவளோடு தங்கியபோது, கட்டி எங்கெங்கோ பரவியிருந்தது.

இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் அனுப்பினானோ இல்லையோ, அவன் கேட்டது நடந்துவிட்டது. அதற்குக் கூலி வாங்க மட்டும் யாரும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். சாதாரணச் சட்டை. பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி, மலர்க்கொடி வீடு எது என்று கேட்டார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்றார் கருப்பையா அண்ணன். கடைக்காரரும் அதையே சொன்னார். வந்தவர் எரிச்சலோடு அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். போலீஸ். அவள் கொடுத்த மனுவை விசாரிக்க வந்திருக்கிறார். அவள் உயிரோடு இருந்தபோது வராதவர்கள், அன்றைக்கு வந்தார்கள்.

நான்தான் எழுந்தேன். "வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எங்கள் ஊரில் பெண்கள் இடுகாட்டுப் பக்கம் போவதில்லை. நான் போனேன். கண்மாய்க்கரை வழியாக அவரை நடத்திக்கொண்டுபோய், அவளைப் புதைத்த புது மண் மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, எங்கள் வழக்கப்படியே கூப்பிட்டேன். "மலரு, உன்னையத் தேடி வந்திருக்காக."

அவர் சின்ன வயசுக்காரர். தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தலையைத் தடவிக்கொண்டார். பிறகு வந்த வேலையைச் சொன்னார். "மனுதாரர் இறந்துட்டதால இதை முடிக்கணும்மா. அவங்க மகள் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மகள் எங்க இருக்காங்க?"

"தெரியாது" என்றேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். பச்சை கேட்டைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பவானி களத்தில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மிளகாய் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டித்தான் நடந்தார். கருப்பையா அண்ணன் அவர் வண்டியில் பின்னால் ஏறி, மெயின் ரோடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மனு முடியவில்லை. நான் இருக்கும்வரை அதை முடிக்க விடமாட்டேன். அவள் புருஷனே ஒரு நாள் இந்த ஊரில் கால் வைத்தாலும் அவன் காதிலும் விழப்போவது இதே பதில்தான். மலர்க்கொடி எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு சொல். யார் வந்து கேட்டாலும் தயாராக வைத்திருக்கிறேன்.