ரூத்துக்குப் பூ வைக்கக்கூடாதாம்

ரூத் போய்விட்டார்.

புதன்கிழமை இறந்து, வெள்ளி காலையிலேயே அடக்கமும் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது வெள்ளி பின்னேரம்... பேர்ணிலிருந்து என் மகள் ஷாமினி ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, ரூத் மோசம் போட்டா. காலமை அடக்கமும் முடிஞ்சுதாம்."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? எனக்குச் சொல்லாமல் ஆர் அடக்கினது?"

யூதர்கள் உடலை வைத்திருப்பதில்லையாம். அது எனக்கு முன்பே தெரிந்ததுதான். இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூரிச்சில் யூதர்களின் தொழுகைக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாரணர் குழு இயங்கியது. ஃபாடி என்பார்கள் இங்கே. எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம். அதை நடத்தியவர் ரூத். ஷாமினி ஒன்பது வயதில் அங்கே சேர்ந்தாள்.

சேர்ப்பதற்கு முன் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். "நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு காலையில் பூசை இருக்கிறது. உங்கள் குழுவுக்காக அதை விடமாட்டோம்."

"பூசை எப்போது முடியும்?"

"பதினொன்றரை. பிறகு சாப்பாடு."

"சரி, இரண்டு மணிக்குத் தொடங்குகிறோம்."

அதுவரை காலை பத்துக்குத் தொடங்கிய குழு அது. எங்கள் ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளின் நேரமும் மாறியது. நான் நன்றி சொல்லவில்லை, அது நியாயம்தானே என்று நினைத்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பாடசாலையில் படித்தவள், கேர்ல் கைட்ஸ் சாரணியாக இருந்தவள். கழுத்து ஸ்கார்ஃபில் ஒரு மடிப்புப் பிசகினாலும் சிஸ்டர் வரிசையிலிருந்து வெளியே நிறுத்துவார். ரூத்தின் பிள்ளைகளோ ஸ்கார்ஃபைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன்.

ரூத் சிரித்தார். பெட்டியிலிருந்த ஸ்கார்ஃப் எல்லாவற்றையும் தூக்கி என் மடியில் போட்டார். "அப்படியானால் மேடம், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது."

யூதப் பிள்ளை, எரித்திரியப் பிள்ளை, சுவிஸ்காரப் பிள்ளை... எல்லாக் கழுத்துக்கும் நான்தான் கட்டிவிட்டேன். பல வருடங்கள்.

பிறகு ஒருநாள் பிள்ளைகளுக்கென்று மீன் அடைத்த பற்றிஸ் பொரித்துக் கொண்டுபோனேன். வாசலில் பையைச் சோதிக்கிற காவலாளியே நிறுத்திவிட்டார். வெளிச் சமையல் உள்ளே வரக்கூடாதாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சுத்தபத்தமாகச் சமைத்ததை ஒருவர் வேண்டாம் என்பதா?

அடுத்த ஞாயிறு ரூத் என் கையைப் பிடித்துத் தொழுகைக்கூடத்தின் சமையலறைக்குக் கூட்டிப்போனார். புதுத் தாச்சி, புது அகப்பை. "இங்கே சமையுங்கள். அடுப்பை மட்டும் நான் பற்றவைக்கவேண்டும். அது எங்கள் முறை."

"ஏன், கடவுளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"கடவுளுக்கு இருக்கிறது. எங்கள் மதகுரு ரபீக்குத்தான் இல்லை."

அன்று உழுந்து வடை சுட்டேன். ரூத் அடுப்படியிலேயே நின்று, சுடச்சுட எடுத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டார். முறை என்றால் அவ்வளவு கண்டிப்பான மனுஷி... பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

நான் இப்போது டாவோஸில் இருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நடப்பதற்கே ஒருவர் பக்கத்தில் வரவேண்டும். சூரிச்சுக்கு ரயில் ஏறுவது நடக்காத காரியம்.

ஆனாலும் ஒரு செத்தவீட்டுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா? ஷாமினியிடம் சொன்னேன், ஒரு மலர்வளையமாவது அனுப்பு என்று.

"அவையள் பூ வைக்கிறேல்லை அம்மா."

"அப்ப ஆரையாவது பிடிச்சுச் சாப்பாடு செய்து குடுத்துவிடு. அந்த வீட்டில அடுப்பு எரியாது."

"எங்கட அடுப்பில சமைச்சதை அவையள் சாப்பிடமாட்டினம். உங்களுக்குத் தெரியாததோ?"

"அப்ப ரூத்தின்ர மனுசனோடயாவது கதைக்கிறன். நம்பரைத் தா."

"பொழுதுபட்டுட்டுது, அவையின்ர ஓய்வுநாள், சபாத் தொடங்கியிருக்கும். நாளைக்கு இருட்டும்வரை ஃபோன் எடுக்காயினம்."

பூசைக்குக் காசு கொடுக்கலாம் என்றால், ரூத்துக்கு எங்கள் கோயிலில் பூசையா... ரூத் இருந்தால் கேட்டிருப்பேன்.

எழுபது வயது தாண்டிவிட்டேன். எத்தனையோ செத்தவீடுகளில் முன்னுக்கு நின்று எல்லாம் பார்த்தவள். இன்று எனக்குத் தெரிந்த ஒன்றுகூட உதவவில்லை. செபமாலை மட்டும் சொன்னேன். அதுகூட யாருடைய முறைக்குச் சரி, தெரியாது.

இதற்குக் கீழே பூப்படம், மெழுகுதிரிப் படம் ஒன்றும் போடவேண்டாம். RIP என்று மூன்று எழுத்தும் வேண்டாம். ரூத்தைத் தெரிந்தவர்கள் ஒரு வரி முழுதாக எழுதுங்கள், அவருடைய கணவர் டானியலுக்கு ஷாமினி மொழிபெயர்த்துக் கொடுப்பாள்.

இவ்வளவும் சனி பகலில் எழுதிவைத்தது. நன்றாக இருட்டிய பிறகு ரூத் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். டானியல்தான் எடுத்தார்.

அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. எனக்கு டொச் பாஷை கடைக்கும் டொக்டருக்கும் மட்டும் காணும். எங்கள் இருவருக்கும் நடுவில் இவ்வளவு காலமும் ரூத்தான் பேசியது...

என் பெயரைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிறகு நிறையச் சொன்னார். நடுநடுவே ரூத், ரூத் என்றது மட்டும் விளங்கியது.

தலையாட்டிக்கொண்டு ஓம் என்றேன். ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவரும் ஃபோனை வைக்கவில்லை.

போய்வாருங்கள், ரூத்.