எங்கள் நாலு பேரைத் தெரிவு செய்த வருடம்

எங்கள் நகரத்துக் கூடைப்பந்துக் கழகத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. கழகம் இளம் வீரர்களைத் தெரிவு செய்த ஒவ்வொரு வருடத்தையும் எடுத்து, அதில் இருந்து யார் யார் முன்னுக்கு வந்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்களுடைய வருடத்துக்கு இரண்டு வரிதான் கிடைத்தது. பெரிதாக எதிர்பார்த்த நாலு பேரில் ஒருவரும் நிலைக்கவில்லை, கழகத்துக்கு ஏமாற்றமான தெரிவு என்று இருந்தது.

அப்போது நான் மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தேன். கட்டி முடியாத ஒரு வீட்டின் படியில் இருந்து பாண் சாப்பிட்டபடி அதை வாசித்தேன். எழுதினவர் பொய் எழுதவில்லை. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையும் பெரிய கழகங்கள் வரிசையாக நின்று இளம் வீரர்களைத் தெரிவு செய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். ஜேர்மனியில் அப்படியொரு முறை கிடையாது. கொலோனுக்குப் பக்கத்தில், ரைன் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் சிறிய நகரத்துக் கழகம் அந்த வருடம் அமெரிக்காவைப் பார்த்து ஆசைப்பட்டது. சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு வார இறுதி முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, எங்கள் நாலு பேரையும் எடுத்தார்கள். மேடையில் ஏற்றி ஆளுக்கொரு தொப்பி போட்டுவிட்டார்கள். தொப்பி எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒருவன் பல்வைத்தியரின் மகன். ஒருவன் கிழக்கு ஜேர்மனியில் இருந்து வந்த நெடுவல், கதவுக்குள்ளால் குனிந்துதான் வருவான். மூன்றாவது ஆள் பொஸ்னியாவில் இருந்து தாயோடும் தங்கச்சியோடும் ஓடிவந்தவன். நாலாவது நான், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். தமிழ்ச் சங்கத்தில் யாரைப் பக்கத்தில் விட்டாலும் நான்தான் உயரம். கழகத்து மண்டபத்தில் நான்தான் கட்டை.

அம்மா அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை செய்தா. செய்தியைச் சொன்னவுடன் அவ கேட்டது ஒன்றே ஒன்று.

"இது அவுஸ்பில்டுங்கோ? முடிவில சேட்டிபிக்கற் தருவினமோ?"

இது தொழில் பழகுகிற படிப்பு இல்லை, சேட்டிபிக்கற் ஒன்றும் கிடையாது என்றேன். அவ சோற்றைப் போட்டுத் தந்தா. ஆனால் அடுத்த சனிக்கிழமை சங்கத்தில், மகனைக் கழகத்துக்கு எடுத்திருக்கினம் என்று தானே எல்லாருக்கும் சொல்லித் திரிந்ததைக் கண்டேன்.

எங்களில் உண்மையான விளையாட்டுக்காரன் பொஸ்னியாக்காரன்தான். இடக்கையன். பார்க்கிற பக்கம் ஒன்று, பந்து போகிற பக்கம் வேறொன்று. பயிற்சியாளர் வயதான மனிதர், யாரையும் இலேசில் புகழமாட்டார். அவன் விளையாடும்போது மட்டும் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நிற்பார். அவனும் நானும் ஒரே ட்ராமில் போய்வந்தோம். அவனுடைய வீட்டார் இருந்தது பழைய இராணுவ முகாம் ஒன்றில். அகதிகளுக்காக அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். அவனுடைய தாய் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடுகிற ஒரு பலகாரம் தந்துவிடுவா. அம்மா அதற்குப் பதிலாக மீன் ரோல்ஸ் கட்டித் தருவா. அம்மாவும் அந்தத் தாயும் ஒருநாளும் சந்திக்கவில்லை. பெட்டிகள் மட்டும் போய்வந்தன.

முதல் பருவத்தில் பெரிய அணியோடு எங்களையும் மாற்று ஆட்களாக ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். அப்பா கொலோனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம். ஒரு ஞாயிறு, வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு விளையாட்டுப் பார்க்க வந்தார். நல்ல சேட்டு, இஸ்திரி போட்ட காற்சட்டை, கோயிலுக்குப் போவது மாதிரி. வாங்குக்கு நேர் பின்னால் இடம் பிடித்து இருந்தார். ஆட்டம் முடியும்வரைக்கும் பயிற்சியாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மேற்சட்டையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனேன்.

ட்ராமில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரைன் பாலம் தாண்டினபிறகு சொன்னார்.

"நல்ல இடமாக் கிடைச்சுது. உன்னை வடிவாத் தெரிஞ்சுது."

நான் அழக்கூடாது என்பதற்காகச் சப்பாத்து நூலைக் குனிந்து கட்டினேன். அப்பா அதற்குப் பிறகு வரவில்லை. வேலை மாற்ற ஏலாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பல்வைத்தியரின் மகன் அந்த வருடமே விலகிவிட்டான். அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சந்தோசமாகவே கை தந்துவிட்டுப் போனான். நெடுவலுக்கு முதுகு நொந்தது. வளர்ந்த வேகத்துக்கு முள்ளந்தண்டு ஈடுகொடுக்கவில்லை என்று வைத்தியர் சொன்னாராம். பயிற்சி முடிந்த பிறகு தரையில் மல்லாக்கக் கிடப்பான், நாங்கள் இரண்டு பேரும் கையில் பிடித்துத் தூக்கிவிடுவோம். ஒருநாள் எழும்பமாட்டேன் என்றான். பிறகு அவனும் வரவில்லை.

இரண்டாவது பருவத்தில் பொஸ்னியாக்காரனை உள்ளே இறக்கினார்கள். தோற்றுப்போன ஆட்டம், கடைசி நிமிடங்கள். சனம் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவன் முதல் பந்தைப் பிடித்து, முன்னால் நின்றவனைத் திசைமாற்றிவிட்டு உள்ளே போய்ப் போட்டான். வாசலுக்குப் போனவர்கள் திரும்பி நின்று பார்த்தார்கள். எங்கள் நாலு பேரில் பெரிய அணிக்காக விளையாடியவன் அவன் ஒருவன்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவின் விளையாட்டுச் சட்டம் மாறியது. அதுவரைக்கும் வெளிநாட்டு வீரர்களை மட்டுமட்டாகத்தான் எடுக்கலாம். இனிமேல் ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் இருந்து எத்தனை பேரையும் எடுக்கலாம் என்றாகியது. கழகம் பழுத்த ஆட்டக்காரரைக் கொண்டுவந்து இறக்கியது. எங்களை வளர்த்தெடுக்க ஒருவருக்கும் பொறுமை தேவைப்படவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மூன்றாவது அணிக்கு அனுப்பினார்கள். பாடசாலை மண்டபங்களில், விளையாடுபவரின் தாய் தகப்பன் மட்டும் பார்க்கிற ஆட்டங்கள்.

அதே காலத்தில் அவனுடைய நாட்டில் சமாதானம் கையெழுத்தானது. எங்களுடைய நாட்டில் யாழ்ப்பாணச் சனம் முழுதும் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அம்மா ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தா. முகாமில் அவனுடைய தாய் தொலைக்காட்சியைப் பார்த்துக் கும்பிட்டா என்று அவன் சொன்னான். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்த வருடம் வெளிநாட்டவர் அலுவலகம் அவர்களைக் கூப்பிட்டது. போர் முடிந்துவிட்டது, இனித் திரும்பிப் போக ஆயத்தப்படுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஊர் சமாதான ஒப்பந்தத்தில் நாட்டைப் பிரித்த கோட்டுக்கு மற்றப் பக்கத்தில் அகப்பட்டிருந்தது. வீட்டில் வேறு ஆட்கள். அதை எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

பயிற்சியாளர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அவனோடு அந்த அலுவலகத்துக்குப் போனார். நானும் போய் வெளியே கதிரையில் இருந்தேன். கழகம் இவன் தேவையான ஆள் என்று ஒப்பந்தம் எழுதித் தந்தால், எதையாவது யோசித்துப் பார்க்கலாம் என்று உள்ளே சொன்னார்களாம். பயிற்சியாளர் அங்கிருந்து நேரே கழகத்துக்குப் போனார். வரும் பருவத்துக்கு இடம் ஒன்றும் இல்லை என்றார்கள். இவனை நீங்களே தெரிவு செய்தீர்கள், நீங்களே தொப்பி போட்டீர்கள் என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் மரியாதையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள், பதிலை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பருவம் முடிய அவரும் வேலையை விட்டுவிட்டார்.

கொலோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்து அவர்களுடைய பஸ் காலையில் வெளிக்கிட்டது. தாய் என் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னா, தங்கச்சி அதை டொச் மொழியில் சொல்ல வெட்கப்பட்டாள். பெட்டிகளை ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். அவன் கேட்டான்.

"உங்கட நாட்டில சமாதானம் வந்தா உங்களையும் அனுப்புவாங்களோ?"

"அங்க சமாதானம் வாற மாதிரித் தெரியேல்லை."

"அப்ப நீ தப்பினாய்" என்றான்.

சொன்ன உடனேயே அவனுடைய முகம் மாறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, இடக்கையை என் தோளில் வைத்து இறுக்கிப் பிடித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. எங்களுடைய விசாவை நீடிக்கப் போகும்போதெல்லாம் அம்மா ஊர்ச் செய்திகளைத்தான் எடுத்துச் சொல்லுவா. அங்கே எரிந்துகொண்டிருந்ததால்தான் நாங்கள் இங்கே இருந்தோம். அதை என்னுடைய வயதுக்காரன் ஒருவன் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

போன பிறகு அவன் சிலதரம் ரெலிபோன் எடுத்தான். மாமன் ஒருவரின் வீட்டில் இருப்பதாகவும், உடைந்த வீடுகளைத் திருத்துகிற ஆட்களோடு கல் சுமப்பதாகவும் சொன்னான். விளையாடுகிறாயா என்று கேட்டேன். அந்த ஊரில் நல்ல மண்டபம் ஒன்று இருக்கிறதாம். ஆனால் உள்ளே சனம் இருக்கிறதாம். மற்ற ஊர்களில் இருந்து வந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், கூடைக் கம்பத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள் என்றான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் அந்த நேரம் அப்படித்தான் இருந்தது.

அவன் போனபிறகு நான் இன்னும் கொஞ்சக் காலம் பயிற்சிக்குப் போனேன். புதுப் பயிற்சியாளர் நல்லவர், என் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகியிருந்தார். ஆனால் ட்ராமில் தனியாகப் போய்வர எனக்கு மனம் இல்லாமல் போனது. பயிற்சியை நிற்பாட்டுகிறேன் என்று சொன்ன அன்று அவர் ஏன் என்று கேட்டார், பிறகு சரி என்றார். இலையுதிர்காலத்தில் மின்சார வேலை பழகச் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஆறுதல். அது உண்மையான அவுஸ்பில்டுங்.

ஒரு புதுவருசத்துக்கு நானே அவனுடைய மாமனின் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு டொச் தெரியாது. அவனுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ நெடுநேரம் எதையோ விளங்கப்படுத்தினா. குரல் அன்பாக இருந்தது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். குசினிக்குள் இருந்து அம்மா, அந்தப் பிள்ளை என்னவாம் என்று கேட்டா. சுகமாய் இருக்கிறானாம் என்றேன்.