கொப்புளம் போட்ட மண்டபத் தரை

"மேடம், ஒங்கள தரை போடச் சொன்னேனா, அப்பளம் பொரிக்கச் சொன்னேனா?"

கல்யாண மண்டப உரிமையாளர் மழையில் நனைந்தபடி எங்கள் ஆபீசுக்குள் நுழைந்து கேட்டது இது. நாங்கள் போட்ட தரை முழுக்கக் கொப்புளம். பத்து நாளில் அங்கே அவர் மகளுக்கே கல்யாணம்.

தொண்ணூறுகளின் நடுவில், கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் நான் கெமிஸ்ட். வேறு கெமிஸ்ட் இல்லாததால் சீஃப் கெமிஸ்ட். எங்கள் சரக்கு பாலியூரித்தேன் தரைப்பூச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் ரப்பர் போல இறுகும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலும் கேஸ் கிளம்பிக் கொப்புளிக்கும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் மாலிகுலர் சீவ் என்ற வெள்ளைப் பவுடரைக் கலப்போம். அது ஒரு படிகம். உள்ளே தண்ணீர் மூலக்கூறு நுழையும் அளவில் வரிசை வரிசையாகத் துளைகள்.

முதலாளிக்கு அதன் வேதியியல் தெரியாது, பெருமை தெரியும். பேங்க் மேனேஜர், சம்பந்தி, ஜோசியர், யார் வந்தாலும் டிரம்மைத் திறந்து, "ஃபாரின் சரக்கு சார், கையில எடுத்துப் பாருங்க. அத்தனையும் ஓட்டை!" என்பார். திரும்ப மூடுவது அவர் அந்தஸ்துக்குப் பொருந்தாத வேலை.

அன்று அவர் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். ஸ்டோர் கீப்பர் பாஷா பாய்.

"பாய், பவுடர்ல என்னமோ கலந்துட்டீங்க. நாளையிலேருந்து வராதீங்க."

பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். முகம் வெளுத்துவிட்டது. "சாயந்தரம் மூடி போடறதத் தவிர அந்த டிரம்ம நான் தொட்டதே இல்லீங்க" என்றார்.

நான் லேபுக்குப் போய் நூறு கிராம் பவுடரை ஃபர்னஸில் வைத்தேன். நன்றாகச் சுட்டு, ஈரம் படாமல் ஆறவைத்து எடை போட்டேன். எண்பது கிராம்தான் இருந்தது. அதை அப்படியே முதலாளியிடம் எடுத்துப் போனேன்.

"சார், இருபது கிராம் தண்ணி. பவுடர் ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிடுச்சு. பூச்சுல இருக்கற ஈரத்த இனிமே எங்க குடிக்கும்? டிரம் பகல் பூரா தெறந்தே கெடந்துச்சு சார்."

"யாரு தெறந்தது?" என்றார் முதலாளி, நிஜமாகவே தெரியாதவர் போல.

அதுவரை நகராமல் உட்கார்ந்திருந்த மண்டபக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, போன மாசம் எனக்கே தெறந்து காட்டுனீங்களே!"

முதலாளிக்குத் திடீரென்று ஜாஸ்தியாக இருமல் வந்தது.

பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, சீல் உடைக்காத டிரம்மிலிருந்து பவுடர் எடுத்து மறுபடி போட்டோம். கல்யாணம் நடந்தது. எடை போட்ட மறுநாளே, வேலைக்கு வந்த பாஷா பாயிடம் முதலாளி, "என்ன பாய், லேட்டு?" என்றார். அவரிடம் மன்னிப்பு என்பது அவ்வளவுதான். பாய் சிரிக்கவில்லை. ஆனால் வேலையில் இருந்தார்.

இளம் கெமிஸ்டுகளுக்கு ஒன்று. சரக்கு கெட்டால் ஆளைச் சந்தேகப்படும் முன் எடை போட்டுப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அந்த டிரம் பகலெல்லாம் திறந்து கிடந்ததை மூன்று மாதம் நானும் பார்த்தேன். சொன்னால் இன்கிரிமென்ட் போய்விடும் என்று, தினமும் "குட்மார்னிங் சார்" மட்டும் சொன்னேன். அந்தக் கொப்புளங்களில் பாதி நான் போட்டவை.