அம்மன் நூலுக்கு ஒன்று

கணக்கில் எனக்கு இரக்கம் கிடையாது. புதுக்குடியிருப்பில் ரியூசன் படிப்பிக்கிற நான், அரைப் புள்ளிக்காக அழுத பிள்ளைக்கும் அந்த அரைப் புள்ளியைப் போட்டதில்லை. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் குசினி மேசையில் நடக்கும் விளையாட்டிலும் அப்படித்தான். கதையை நான் நடத்துவேன். என் மனைவியும் அவளுடைய தம்பியும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துத் திரிவார்கள். மனைவி ஒரு வேவுகாரி. டிப்பர் லொறி ஓட்டுகிற மைத்துனன் அங்கே கோடரிக்காரன்.

சண்டை வந்தால் விதி எளிது. ஒவ்வொருவருக்கும் ஒரு கவச எண் உண்டு. அடிக்கிறவன் இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் திறமைக்குரிய எண்ணைக் கூட்டுவான். மொத்தம் எதிராளியின் கவச எண்ணைத் தொட்டால் அடி பட்டது. ஒன்று குறைந்தாலும் தப்பியது. இரும்புச் சட்டை போட்டால் எண் ஏறும், ஆனால் ஓடி ஒளிய முடியாது. அதனால் மனைவி தோல்சட்டையோடு நின்றாள். அவளுடைய எண் பதின்மூன்று. இன்னொரு விதியும் இருக்கிறது. கட்டையில் இருபதே விழுந்துவிட்டால் எந்தக் கவசமும் உதவாது, அடி பட்டே தீரும்.

ஒரு ஞாயிறு, பாலத்தில் மறித்த கொள்ளைக்காரனுக்காக நான் உருட்டினேன். பத்து. அவனுடைய திறமைக்கு மூன்று. சரியாகப் பதின்மூன்று. அடி பட்டுவிட்டது என்றேன். மனைவி மெதுவாகக் கையைத் தூக்கிக் காட்டினாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்க் கட்டிவந்த நூல். வேவுகாரியின் கையிலும் அது இருக்கிறதாம், கவசத்துக்கு ஒன்று கூட்ட வேண்டுமாம்.

"விதியிலை இல்லாததை நான் எப்பிடிக் கூட்டுறது?" என்றேன்.

மைத்துனன் தமக்கை பக்கம் சாய்ந்துவிட்டான். அம்மன் நூலை நம்பித்தான் தான் டிப்பரே ஓட்டுவதாகவும், மாட்டுத் தோலுக்குக் கொடுக்கிற மரியாதையை நூலுக்குக் கொடுக்காதது என்ன விதி என்றும் துள்ளினான். நான் மசியவில்லை. வேவுகாரி பாலத்திலிருந்து விழுந்து கால் முறிந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த தேத்தண்ணியில் சீனி இல்லை. அவள் வேண்டுமென்றேதான் போடவில்லை. நானும் வேண்டுமென்றே முழுவதையும் குடித்து முடித்தேன்.

அந்த மாரியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் இடையில் குந்திவிடுவாள். இதய வால்வு பழுது, நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார். பெரும்பாலும் நல்லபடியாக முடியும், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். அந்த நேர்மை மீது எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அவர் சொன்னது உங்கடை கட்டையிலை எத்தினை?"

"விசர்க் கதை கதையாதையும்."

"இருபது விழுந்தா இரும்புச் சட்டையும் ஒண்டுதான், தோலும் ஒண்டுதான், என்ன?"

வருடக்கணக்காக நிகழ்தகவு படிப்பித்தவன் நான். அவளுடைய கையைத்தான் பிடித்தேன். பரந்தன் சந்தி வரும்வரை விடவில்லை.

ஒப்பரேசன் அன்று காலை தாதி வந்து, தோடு, தாலி, நூல் ஒன்றும் உள்ளே போகக் கூடாது என்றார். மனைவி தாலியைக் கழற்றி என்னிடம் தந்தாள். நூலின் முடிச்சு இறுகிக் கிடந்தது. தாதி அதைக் கத்தரிக்கோலால் வெட்டி என் கையில் வைத்தார். அதுவரை என்னைத்தான் தேற்றிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முகம் கறுத்தாள்.

"அப்ப இனி வெறும் தோல்தான்" என்றாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே சுவரோரம் கிடந்த வாங்கில் குந்தியிருந்தேன். தாலி சட்டைப் பைக்குள் இருந்தது. நூலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் மணிக்கட்டுக்கு அது எட்டவில்லை. விரலில் சுற்றினேன், முடிச்சுப் போட ஒரு கை போதவில்லை. பக்கத்தில் இருந்த மைத்துனன் என் கையை இழுத்து முடிந்துவிட்டான். விதி விதி என்று நிற்கிற அத்தானைக் கேலி செய்ய அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. ஆனால் அவன் முடிச்சை இன்னொரு முறை இழுத்து இறுக்கினான். எனக்கு அந்த நேரம் விதியும் வேண்டாம், நிகழ்தகவும் வேண்டாம். ஒன்று கூடக் கிடைத்தால் போதும், அம்மாளாச்சி, ஒரேயொரு ஒன்று. உள்ளே கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்டேன்.

பொழுதுபட டொக்டர் வந்து, எல்லாம் சரி என்றார். மறுநாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவளுடைய கண் என் விரலில் போய் நின்றது.

"கூட்டினீங்களோ?"

"கூட்டினனான்."

மெதுவாக எட்டி அந்த நூலைத் தொட்டாள்.

"அப்ப அந்தப் பாலத்தடியிலை பட்ட அடியையும் அழிச்சு விடுங்கோ."

அழிக்கிறேன் என்று தலையை ஆட்டி ஆட்டி அழுதேன்.