பிரேமலா உடைத்த படிகம்

பிரேமலாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். நான் ரசாயனச் சாமான் அறைக்குப் பொறுப்பு. சிம்பாங் ரெங்கத்திலிருந்து தினமும் ஒரே காரில் வருகிறோம். அவள் ஓட்டுவாள், நான் திட்டுவேன்.

எண்ணெய் தரும் செம்பனையை அடியிலிருந்து அழுகவைக்கும் பூஞ்சையின் புரதம் ஒன்றைப் படிகமாக்குவது அவள் வேலை. படிகத்தின்மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் புரதத்தின் வடிவம் தெரியும். வடிவம் தெரிந்தால் அதை முடக்க மருந்து தேடலாம். பதினான்கு மாதமாகத் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தும் கஞ்சி மாதிரி கலங்கல்தான் வந்தது. ஒருமுறை படிகம் வந்துவிட்டதென்று எல்லாருக்கும் கரிப்பாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். அது வெறும் உப்பு. தின்றவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், படிகமே இல்லாமல் புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் கணினிக்காரன் ரூபேந்திரன் வந்து சேர்ந்தான்.

"மைலோ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வடிவம் வந்திருச்சுக்கா," என்றான் பிரேமலாவிடம்.

பேராசிரியர் ஜெயபாலன் பிரேமலாவைக் கூப்பிட்டார். "ஜூன்ல உங்க ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள படிகம் வரலன்னா, கம்ப்யூட்டரே போதும்னுதான் நான் எழுதணும்."

அன்று காரில் நான் பேராசிரியரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ரூபேந்திரனின் திரை முன்னால் போய் நின்றாள். புரதம் முழுக்க நீலம். வால் மட்டும் ஆரஞ்சு.

"இது ஏன் இந்தக் கலரு?"

"அங்க மட்டும் கம்ப்யூட்டருக்கு நிச்சயமில்லக்கா. சும்மா ஆடிக்கிட்டே இருக்கிற பகுதியா இருக்கும்."

"ஆடிக்கிட்டே இருந்தா எப்படிலா வரிசையா அடுக்கி உட்காரும்? இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

மரபணுவில் அந்த வாலை வெட்டிவிட்டுப் புரதத்தைப் புதிதாகச் செய்தாள். ஜூன் இரண்டாம் வாரம், தட்டின் ஒரு குழியில் இரண்டே இரண்டு படிகங்கள் மின்னின.

நான் குதித்தேன். அவளோ ஊசியை எடுத்தாள்.

"அடியே, இருக்கிறதே ரெண்டு!"

"உப்புன்னா டக்குனு உடையும், புரதம்னா பொலபொலன்னு உதிரும். இன்னொரு தடவ உப்புக்குக் கரிப்பாப் வாங்க மாட்டேன்கா."

பெரியதன்மேல் ஊசியை வைத்து அழுத்தினாள். ரூபேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். படிகம் மாவாய் உதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

மிஞ்சிய ஒன்று எக்ஸ்ரேக்குப் போனது. திரும்பி வந்தது புள்ளிக்கூட்டம்தான். அதை வடிவமாக்கத் தொடக்கம் ஒன்று வேண்டும். அதைக் கொடுத்தது ரூபேந்திரனின் நீல மாதிரி. ஆனால் மாதிரியில் மூடியிருந்த புரதப் பள்ளத்தின் வாய் பிரேமலாவின் படிகத்தில் திறந்திருந்தது. மருந்து போய் உட்காரவேண்டிய இடமே அந்த வாய்தான்.

பேராசிரியர் ரூபேந்திரனைப் பார்த்தார். "அப்ப அடுத்த புரதத்துக்கு?"

"என் கம்ப்யூட்டர் மட்டும் போதாது சார். அக்கா வேணும்."

ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது. மறுநாள் காலை ரூபேந்திரனே கரிப்பாப் வாங்கி வந்தான். பிரேமலா ஒன்றை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் கடித்தாள்.