நீலக்கழுதைக்கு வேர் வந்தது

வெர்னா ஸ்டோக்லி பதினாறு வருடம் ஹம்போல்ட் மலைப்பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட வந்ததில்லை. பிள்ளைகள் குறைந்துபோய் அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வயதில் வேறு வேலை தேடி, மார்லிஸ் குவிஸ்ட் நடத்தும் உரிமம் பெற்ற கஞ்சா நாற்றுப் பண்ணையில் கிளை நறுக்கச் சேர்ந்தாள். மூன்றே வருடத்தில் கை அப்படிப் பழகிவிட்டது. அவள் நறுக்கி நட்டால் நூறு குச்சிக்குத் தொண்ணூற்றைந்து வேர் பிடிக்கும். அப்பேர்ப்பட்ட கைக்காரி நீலக்கழுதையைக் கொன்றுவிட்டாள் என்று அந்த வசந்தத்தில் எங்கள் மலை முழுக்கப் பேச்சு. பேச்சு பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நீலக்கழுதை ஒரு கஞ்சா ரகம். மலை உச்சியில் குடியிருக்கும் ஹார்லன் டின்ச் முப்பது வருடமாக வைத்திருந்தது. தண்டை விரலால் தேய்த்தால் ஆரஞ்சுத் தோலும் டீசலும் கலந்த வாடை அடிக்கும். என்ன உரம் போட்டாலும் தன் இஷ்டத்துக்குத்தான் வளரும், அதனால்தான் அந்தப் பெயர். இந்தச் செடியின் விதையைப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகமாக வரும். அதே செடி வேண்டுமென்றால் கிளையை நறுக்கி வேர் பிடிக்கவைப்பது ஒன்றே வழி. போன ஆகஸ்ட் காட்டுத்தீயில் ஹார்லனின் தோட்டம் மிச்சமில்லாமல் கருகியது. நல்லவேளையாக, அதற்கு முன்பே மார்லிஸிடம் ஒரு கன்று கொடுத்துவைத்திருந்தார். மே மாதம் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, வந்து தன் கழுதையின் கன்றுகளை வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் பக்கத்து மேசையில் இலையை உறிஞ்சும் சிலந்திப்பேன் தென்பட்டது. வெர்னா பதறிப்போய், அந்தக் கன்று வளர்ந்து நின்ற ஒரே தாய்ச்செடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓரத்து அறையில் வைத்தாள். அது செடிகளைப் பூக்கவைக்கும் அறை. விளக்கு பன்னிரண்டு மணி நேரம்தான் எரியும். தாய்ச்செடிக்குப் பதினெட்டு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், குறைந்தால் பூக்கும் காலம் வந்துவிட்டதென்று அது பூவெடுக்கத் தொடங்கிவிடும். டைமரைத் திருப்பவேண்டும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. போதாக்குறைக்குத் தொட்டியின் அடித்துளை வேறு அடைத்துக்கொண்டது. செடி வாடுகிறதே என்று இவள் இன்னும் ஊற்றினாள். பதினேழாம் நாள் பார்த்தால், மேலே வெள்ளை வெள்ளையாகப் பூமயிர், கீழே அழுகின வேர். பாவி, கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கழுத்தை நெரித்திருக்கிறாள்!

"போச்சு. எல்லாம் போச்சு," என்றாள் மார்லிஸ், தொட்டியைப் பார்த்து.

"இன்னும் ரெண்டு நாள் உயிர் இருக்கும். கீழ்க்கிளையில நறுக்கிடறேன்," என்றாள் வெர்னா.

கோல்பி ரென்ஷா சிரித்தான். நகரத்தில் தாவரவியல் படித்துவிட்டு வந்து பண்ணையின் நிபுணராக இருப்பவன். "பூவெடுத்த கிளையில வேரா? பூஞ்சைதான் வரும். இதென்ன உன் பஸ்ஸுன்னு நெனச்சியா, ரிவர்ஸ் எடுக்கறதுக்கு?"

"ரிவர்ஸ் தெரியாதவன் இந்த மலையில ஒரு நாள் ஓட்ட முடியாது. தள்ளி நில்லு."

"வேர் மட்டும் வரட்டும், உன் டிரைவர் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஒரு வாரம் வேலை பாக்கறேன்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஹார்லன் வர்ற அன்னைக்கு வரைக்கும் பாப்பேன், வெர்னா. அன்னைக்கும் வெறுங்குச்சியா இருந்தா, நடந்ததை நீயே அவர்கிட்ட சொல்லணும். சொல்லிட்டுக் கத்தரியையும் வச்சுட்டுப் போயிடு."

வெர்னா கத்தரியைக் கிருமி போக ஸ்பிரிட்டில் துடைத்தாள். பூ குறைவாக இருந்த கீழ்க்கிளைகளில் முப்பத்திரண்டு குச்சி தேறியது. கணுவுக்குக் கீழே சாய்த்து நறுக்கி, பூவைக் கிள்ளி, வேர் பிடிக்கவைக்கும் ஜெல்லில் தொட்டு, ஊறவைத்துப் பிழிந்த நார்க்கட்டிகளில் ஒவ்வொன்றாகச் செருகினாள். தட்டைப் பதினெட்டு மணி நேர விளக்கின்கீழ், இளஞ்சூட்டு விரிப்பின்மேல் வைத்துப் பிளாஸ்டிக் மூடியால் மூடினாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குச்சித் தட்டைக் கண்டால் போகிற வருகிறவனெல்லாம் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பான், வேர் பிடித்திருக்கிறதா என்று. பிடிக்கப்போகிற வேர் அதிலேயே அறுந்துபோகும். எத்தனை சொன்னாலும் புத்தி வராது. வெர்னா மூடியில் பெரிதாக எழுதி ஒட்டினாள்: "கை வைத்தால் கை இருக்காது."

வழக்கமாகப் பத்து நாளில் வேர் தெரியும். பத்து நாள் ஆயிற்று, ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஐந்து குச்சி கறுத்துக் குழைந்தது. காலையும் மாலையும் மூடியைத் திறந்து காற்று காட்டுவாள், அழுகினதைப் பொறுக்கி எறிவாள், பேருந்தில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி மிச்சத்தை எண்ணுவாள். இருபத்தேழு. இருபத்திரண்டு. பதினாறு. வீட்டில் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

பதினான்காம் நாள் அவள் சாப்பிடப்போன நேரம் பார்த்துக் கோல்பி ஒன்றைப் பிடுங்கிவிட்டான். அவள் திரும்பிவந்தபோது அதைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு மயிரிழைகூட இல்லை.

"பாத்தியா? சுத்த வெறுங்குச்சி. சும்மா பொணத்துக்குக் காவல் காக்கறே."

"யாரைக் கேட்டுக் கை வச்சே? எழுதி ஒட்டியிருக்கேன்ல, படிக்கத் தெரியாதா உனக்கு? பட்டம் வாங்கினியே, அதை எவன் குடுத்தான்?" வெர்னா போட்ட சத்தத்தில் நாற்றுக் கொட்டகைக்கு வெளியே நின்ற லாரிக்காரன் உள்ளே எட்டிப்பார்த்தான். அதன்பிறகு அவள் குச்சித் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இருபத்தொன்றாம் நாள் மிச்சமிருந்த ஒன்பது குச்சியின் கணுக்களில் சின்னதாகத் துளிர் தெரிந்தது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். கஞ்சா இலைக்கு விரல் விரலாக இருக்கவேண்டும், இதுவோ ஒற்றை இலை, உருண்டையாக.

"இது கழுதையே இல்ல, கீரை. நறுக்கும்போது எதையோ மாத்தி வச்சிருக்கே," என்றான் கோல்பி. "ஒண்ணைத் தூக்கிப் பாத்துட வேண்டியதுதானே?"

"மாட்டேன்," என்றாள் வெர்னா. உள்ளுக்குள் அவளுக்கும் சந்தேகம்தான். ஆனாலும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை ஹார்லன் டின்ச்சின் பழைய பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. எழுபத்தெட்டு வயது, தாடியில் பாதி மஞ்சள். மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். வெர்னா நேரே அவர்முன் போனாள்.

"ஹார்லன், உங்க தாய்ச்செடி செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். டைமரைப் பாக்கல, தண்ணியை ஊத்தி ஊத்தி அழுகவச்சேன். பூவெடுத்த கிளையில நறுக்கி வச்சேன், ஒன்பது நிக்குது. வேர் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. நான் இழுத்துப் பாக்கல."

கிழவர் கொட்டகைக்குள் நடந்து, மூடியில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பினார். "இருபத்தஞ்சு நாளா இழுத்தே பாக்கலியா?"

"பாக்கல."

"நம்ப முடியல. சரி, மூடியைத் திற."

வெர்னா திறந்தாள். ஓரத்து நார்க்கட்டியை அடியோடு கையில் ஏந்தித் தூக்கினாள். கீழே வெள்ளை வெளேரென்று வேர், ஒன்றல்ல, ஏழெட்டு, நாரைப் பொத்துக்கொண்டு தொங்கியது. அடுத்ததைத் தூக்கினாள், அதிலும் வேர். மூன்றாவது, நான்காவது, ஒன்பதும் அப்படித்தான்! வெர்னாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இலையைப் பாருங்க சார், உருண்டையா இருக்கு," என்று கோல்பி இழுத்தான். "இது வேற ஏதோ..."

ஹார்லன் ஒரு தண்டை விரலால் தேய்த்து மூக்கில் வைத்தார். அடுத்த நொடி கொட்டகை அதிரச் சிரித்தார். "ஆரஞ்சும் டீசலும்! என் கழுதைதான். தம்பி, பூவுக்குப் போய்த் திரும்பி வர்ற செடி முதல்ல இப்படித்தான் உருண்டை இலை விடும். ரெண்டு வாரம் பொறு, அஞ்சு விரலையும் விரிச்சு உன் மூஞ்சிக்கு நேரா காட்டும்."

மார்லிஸ் வந்து வெர்னாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கத்தரி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, ஹார்லன்," என்றாள் வெர்னா.

"எதுக்கு? முப்பது வருஷத்துல நானே நாலு தடவை கொன்னிருக்கேன். ஒவ்வொரு தடவையும் மலையில எவன் வீட்டுலயாவது ஒரு கன்று இருந்துச்சு, போய்க் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை எங்கயும் இல்ல. நீ இருந்தே." ஒன்பதில் ஒரு கன்றைத் தனியே எடுத்து அவள் கையில் வைத்தார். "இது உன் வீட்டுக்கு. நாளைக்கு நான் மறுபடி கொன்னுட்டா, உன் வாசல்ல வந்து நிப்பேன்."

எங்கள் மலையில் பெரியவர்கள் தங்கள் ரகத்தை லேசில் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பதினாறு வருடம் இவர்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவளுக்கு, அன்றுவரை ஒருவரும் ஒரு கன்று நீட்டியதில்லை.

சாயங்காலம் வெர்னா அந்தக் கன்றைத் தன் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். பண்ணை வாசலில் கோல்பி, சொன்னபடியே அவளுடைய மஞ்சள் டிரைவர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்துத் தரை கழுவிக்கொண்டிருந்தான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பேருந்தில் அடிப்பாளே, அதே மாதிரி வெர்னா இரண்டு தடவை நீளமாக ஹார்ன் அடித்துவிட்டு மலைப்பாதையில் இறங்கினாள்.